முருங்கைக்கு வெயில் பயமில்லை, வெள்ளம்தான் பயம்: மும்பை வீடுகளுக்கு 25 குறிப்புகள்

ஊரில் முருங்கையை யாரும் மெனக்கெட்டு வளர்ப்பதில்லை. ஒரு போத்தை வெட்டிக் கிணற்றடியில் ஊன்றிவிட்டால் அது தன் பாட்டுக்கு வளரும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து குர்லாவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர்கள் அதே நினைப்பில் இங்கேயும் ஊன்றுகிறார்கள். ஜூனில் நட்ட போத்து ஆகஸ்டில் அழுகிக் கிடக்கும். தூத்துக்குடியில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 700 மி.மீ.கூட இராது, மும்பையில் ஜூன் முதல் செப்டம்பருக்குள் 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டிவிடுகிறது. முருங்கையின் கிழங்கு போன்ற ஆணிவேர் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ரொம்பவும் காய்ந்தால் மரம் இலையை உதிர்த்துத் தப்பிக்கும். அதே வேர் தேங்கிய தண்ணீரில் மூச்சுவிட முடியாமல் அழுகும். ஆக, இந்த ஊரில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது சின்ன வேலை, வடிப்பதுதான் பெரிய வேலை. கீழே உள்ள குறிப்புகள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

இடமும் மண்ணும்

1. முதலில் வெயிலைப் பாருங்கள். முருங்கைக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சால் வீடுகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் உச்சிவேளையில் மட்டும் வெயில் எட்டிப் பார்க்கும். அங்கே நட்டால் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக உயர்ந்து, முதல் காற்றிலேயே சாயும். கட்டடத்தின் தெற்குப் பக்கம், மொட்டை மாடி, சொசைட்டி காம்பவுண்டில் திறந்த மூலை ஆகியவை நல்ல இடங்கள்.

2. அடுத்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மழை விட்டு அரை மணி நேரம் கழித்தும் குட்டை கட்டி நிற்கும் இடம் முருங்கைக்கு ஆகாது. மித்தி ஆற்றை ஒட்டிய குர்லா பகுதிகளில் இது பெரிய சிக்கல். கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் மாஹிம் கழிமுகத்துக்குப் போக வழியில்லாமல் எதிர்த்து ஏறும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்தபோது குர்லா பட்ட பாட்டைப் பழைய ஆட்களிடம் கேட்டாலே போதும், உங்கள் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தரையில் நடாமல் டிரம்மில் வளருங்கள்.

3. தரையில் நடுவதென்றால் மேடு கட்டுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி இருக்கும்படி குழி தோண்டி, அடியில் உடைந்த செங்கல் ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்கள். அதன்மேல் மண்ணை நிரப்பித் தரைமட்டத்துக்கு மேலும் ஓர் அடி குவித்து, அந்த மேட்டின் உச்சியில் நடுங்கள். ஊரில் தண்ணீர் நிற்கப் பாத்தி கட்டுவோம்; இங்கே ஓடிவிட மேடு கட்ட வேண்டும்.

4. தோண்டும்போது என்ன மண் வருகிறது என்று கவனியுங்கள். மும்பையில் நிறைய இடம் டெப்ரிஸ் கொட்டி மேடாக்கியது. சிமெண்ட் கட்டி, ஓட்டுத் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் வரும். முருங்கை எந்த மண்ணிலும் வளரும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனாலும் குழிக்குள் இருக்கும் குப்பையை அப்புறப்படுத்திவிட்டு, நர்சரியில் மூட்டையாக விற்கும் லால் மிட்டி, மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் முதல் ஆண்டிலேயே வித்தியாசம் தெரியும். களிமண்ணை மட்டும் தனியாகப் போடாதீர்கள்.

5. சுவர், மின்கம்பி, பத்ரா எனும் தகரக் கூரை மூன்றிலிருந்தும் 10 அடி தள்ளி நடுங்கள். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்பார்கள். கிளை பார்க்கத்தான் தடிமன், உள்ளே நார் இல்லாத மெத்து மரம். மழை நனைத்துக் கனம் ஏறிய கிளை சும்மாவே முறியும். துணி காயப்போடக் கயிறு கட்டுவது, ஏணி சாய்ப்பது, பிள்ளைகளை ஏறவிடுவது மூன்றும் கூடாது.

6. சாக்கடை ஓரமும் ரயில்வே லைன் ஓரமும் வேண்டாம். கழிவுநீர் பாயும் மண்ணில் கன உலோகங்கள் இருக்கலாம். கீரை அவற்றை உறிஞ்சும், கழுவினால் போகாது. இதே காரணத்துக்காக, அப்படிப்பட்ட இடங்களில் தானாக முளைத்து நிற்கும் மரத்தில் கீரை ஒடிப்பதையும் தவிருங்கள்.

7. டிரம்மில் வளர்ப்பவர்களுக்கு: 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்தால் கீரைக்குப் போதும். காயும் வேண்டுமென்றால் முழு டிரம் நல்லது. பழைய டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப் பொருள் வைத்திருந்ததையே வாங்குங்கள். ரசாயனம் இருந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடியில் விரல் நுழையும் அளவுக்கு எட்டு பத்து ஓட்டைகள் போட்டு, தரையில் பதியாமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

8. எடையை மறக்காதீர்கள். மண் நனைந்த பாதி டிரம் கிட்டத்தட்ட 150 கிலோ வரும். ஜன்னல் கிரில், சஜ்ஜா, பழைய பால்கனி எதுவும் இதைத் தாங்காது. மொட்டை மாடியில் தூண் அல்லது பீம் வரும் இடத்துக்கு மேலேயே வையுங்கள். சொசைட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மண்ணில் பாதிக்குத் தென்னைநார்க் கழிவு கலந்தால் எடை குறையும்.

நடுவது

9. விதையா, போத்தா? போத்து தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவரும். ருசி தெரிந்த மரத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் அதற்கு ஆணிவேர் ஆழமாக இறங்காது. காற்றோடு மழை அடித்தால் வேரோடு சாயும். விதையில் வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் உண்டு. மும்பைக் காற்றுக்கு விதைதான் பத்திரம். விதைக் கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது.

10. எந்த ரகம்? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 சின்ன இடத்துக்குத் தோதானது. நட்ட 90 முதல் 100 நாளில் பூக்கும். ஆறு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். காய் 65-70 செ.மீ. நீளம் இருக்கும். 2000-இல் வந்த பி.கே.எம்.-2-இன் காய் ஒரு மீட்டரையும் தாண்டும். யாழ்ப்பாண முருங்கை ருசியில் சோடை போகாது. ஆனால் அது பல்லாண்டு மரம், விரிந்து வளர இடம் கேட்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது விதையை வாங்கி வாருங்கள். குர்லா டெர்மினஸில் இறங்கும்போது ஒரு கைப்பிடி விதை பாரமாகவா இருக்கும்?

11. விதை புதிதாக இருக்கட்டும். மரத்திலேயே பழுப்பாகக் காய்ந்து வெடிக்கத் தொடங்கிய காயிலிருந்து எடுத்ததே நல்ல விதை. நாளாக ஆக முளைப்புத் திறன் குறையும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு குழிக்கு இரண்டு விதை. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஒரு சாண் வளர்ந்ததும் நோஞ்சானைக் கிள்ளி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் விடுங்கள். கூடுமானவரை மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். பிடுங்கி நட்டால் ஆணிவேர் ஒடியும்.

12. போத்துதான் வேண்டும் என்பவர்கள் மணிக்கட்டுத் தடிமனுள்ள முற்றிய கிளையில் மூன்று, நான்கு அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவையுங்கள். வெட்டுவாய் பால் வற்றிக் காய்ந்ததும் நட்டால் அழுகல் குறையும். ஓர் அடி மண்ணுக்குள் இருக்கட்டும். மேல் வெட்டில் பச்சைச் சாணியை உருண்டையாக அப்புங்கள். பக்கத்தில் தபேலா (மாட்டுத் தொழுவம்) இல்லாதவர்கள் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றலாம். மழைத்தண்ணீர் மேலிருந்து உள்ளே இறங்காமல் தடுக்கத்தான் இந்த மூடி.

13. எப்போது நடுவது? ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்போம். இங்கே ஆடி என்பது கொட்டும் மழை. மழை ஓய்கிற செப்டம்பர் கடைசி, அக்டோபரில் நடுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும், வெயிலும் வந்திருக்கும், அடுத்த மழைக்கு முன்னால் வேர் பிடிக்க எட்டு மாதம் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் பிப்ரவரியில் நடலாம். கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

வளர்ப்பது

14. இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். இரண்டரை அடி உயரத்தில் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். அவை ஒரு முழம் நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்ட மரம் இரண்டாம் மாடி ஜன்னலுக்குப் போய்விடும், காய் மேல்வீட்டுக்காரருக்குத்தான்.

15. தண்ணீரில் கஞ்சத்தனம் நல்லது. முதல் இரண்டு மாதம் மண் காயக் காய ஊற்றுங்கள். ஓராண்டு தாண்டிய தரை மரத்துக்குக் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். டிரம் செடிக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்; ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். மாநகராட்சிக் குழாய் ஒரு நேரம்தான் வருகிறது என்ற வீட்டிலும் அரிசி களைந்த தண்ணீரும் ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரும் இதற்குத் தாராளம்.

16. இலை மண்டுகிறது, பூ இல்லையா? உரமும் தண்ணீரும் அதிகம் என்று அர்த்தம். தழைச்சத்து மிகுந்தால் மரம் இலை போட்டுக்கொண்டே இருக்கும். எருவை நிறுத்தி, இரண்டு மூன்று வாரம் தண்ணீரைக் குறையுங்கள். பூ வந்த பிறகு மண்ணை ஒரே சீராக வையுங்கள். ஒருநாள் வெள்ளம், ஒருவாரம் வறட்சி என்றிருந்தால் பூ கொட்டும். மரத்தடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மக்கிய எருவும் ஒரு கைப்பிடி சாம்பலும் போதும்.

17. காய்ப்பு முடிந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டுங்கள். பி.கே.எம்.-1 மரத்தைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் புதுக்கிளை விட்டு நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இப்படி மூன்றாண்டு வரை வைத்திருக்கலாம். பிறகு புதுவிதை போடுவதே லாபம்.

மழைக்காலம்

18. கவாத்தை மே மாதத்துக்குள் முடியுங்கள். மழை தொடங்கும்போது மரம் குட்டையாக, கனமில்லாமல் நிற்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம்: 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டப்படி மும்பையில் மரத்தை வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். சொசைட்டி மரமானால் கிளை கழிப்பதற்கும் வார்டு அலுவலகத் தோட்டத் துறையைக் கேட்டுக்கொள்வதே நல்லது. குர்லாவுக்கு எல் வார்டு, செம்பூருக்கு எம் மேற்கு, மாதுங்காவுக்கு எஃப் வடக்கு, தாராவிக்கு ஜி வடக்கு. மழைக்கு முன் அங்கே கூட்டம் மொய்க்கும். ஏப்ரலிலேயே மனு கொடுங்கள்.

19. ஜூன் பிறந்ததும் டிரம்முக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் வேரையும் அழுகவைக்கும், டெங்கு கொசுவையும் வளர்க்கும். மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து பார்த்து நோட்டீஸ் கொடுப்பது உண்டு. வாரம் ஒரு முறை ஓட்டைகளில் குச்சியை விட்டு அடைப்பு நீக்குங்கள். மேலே தண்ணீர் நின்றால் ஓட்டை அடைத்துவிட்டது என்று பொருள்.

20. கம்பளிப்பூச்சிக்குத் தயாராக இருங்கள். மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால் அடிமரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியதுபோல் இருக்கும். கிட்டப் போனால் அந்தப் பட்டை மெல்ல நெளியும். நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். பகலில் இப்படி அடிமரத்தில் கூடிக் கிடப்பதுதான் நமக்கு வசதி. ஊரில் தீப்பந்தம் காட்டுவார்கள். பத்ராவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த சந்தில் அந்த வேலையே வேண்டாம். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கீழே வைத்து, நீளக் கம்பில் கட்டிய துடைப்பத்தால் அதற்குள் தள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை அவசியம். ரோமம் பட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை வைத்து எடுத்துவிட்டுக் கழுவுங்கள். வீட்டு வாசலில் முருங்கை கூடாது என்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுவும் முறியும் கிளையும்தான்.

21. இலையைத் தின்னும் சிறு புழுக்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துக் கீரை பறிக்கலாம். தெருவெள்ளம் மரத்தடிக்கு ஏறிவிட்டால், வடிந்ததும் மேல்மண்ணைக் கொத்திக் காற்றோட்டம் கொடுத்து, நல்ல தண்ணீரால் ஒரு முறை அலசிவிடுங்கள். வெள்ளம் தொட்ட இலைகளைக் கழித்துப் போட்டு, புதுத்தளிர் வந்த பிறகே சமையலுக்கு எடுங்கள்.

அடுப்படி

22. கீரையை உருவ நேரமில்லையா? ராத்திரி கொத்துக் கொத்தாக ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும். நரம்பு கையில் நிற்கும். அந்த ஈர்க்கையும் எறியாதீர்கள். நசுக்கிப் போட்டு மிளகோடு ரசம் வையுங்கள். ‘முந்தானை முடிச்சு’ படம் (1983) வந்ததிலிருந்து காய்க்குத்தான் பேர். சத்துக் கணக்கில் கீரைதான் முன்னால் நிற்கிறது. 100 கிராம் பச்சைக் கீரையில் 6 கிராமுக்கு மேல் புரதமும் 300 மி.கி.க்கு மேல் கால்சியமும் உண்டு. மூடிபோடாமல், குறைந்த தீயில், சீக்கிரம் இறக்குங்கள். அதிகம் வதக்கினால் கசக்கும். பிலிப்பைன்ஸ்காரர்கள் ‘தினோலா’ என்னும் கோழி சூப்பில் அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான் இந்த இலையைப் போடுகிறார்கள். நம் பருப்புத் தண்ணீர் ரசத்துக்கும் அதே முறை சரிவரும். கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

23. காய் வாங்கும்போது, மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டானாலும் தாராவி 90 அடி சாலையானாலும், இரண்டு கையிலும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுப்பது பிஞ்சுப் பருவம். விறைத்து நிற்பது முற்றல். விதைமேடு புடைத்துத் தெரிந்தாலும் முற்றல்தான். முற்றலை வாங்கிவிட்டால் வேகவைத்துச் சதையை வழித்துக் கூட்டோ சூப்போ செய்யுங்கள். குளிர்காலத்தில் தமிழ்நாட்டில் காய்ப்புக் குறைவதால் இங்கும் விலை ஏறும். மலிவாகக் கிடைக்கும் மார்ச், ஏப்ரலில் விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஆறியதும் ஃப்ரீசரில் வையுங்கள்.

24. வெண்ணெய் காய்ச்சும்போது இறக்குமுன் ஒரு கொத்து முருங்கை இலை போட்டால் நெய் மணக்கும். பொரிந்த இலையைச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடும். கீரைப் பொடி செய்வதை நவம்பர் முதல் மே வரை வைத்துக்கொள்ளுங்கள்; நிழலில் காயவைத்து, கையில் நொறுங்கும்போது அரைத்துக் காற்றுப் புகாத புட்டியில் போடுங்கள். மழை மாதங்களில் காயவைத்தால் பூஞ்சைதான் மிஞ்சும். வேரையும் பட்டையையும் கைவைத்தியம் என்று தின்னாதீர்கள். வேரில் நச்சுப்பொருள் உண்டு, கர்ப்பிணிகள் அறவே தொடக் கூடாது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் பொடி எடுக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள்.

25. மிஞ்சும் கீரையை அக்கம்பக்கத்தில் கொடுங்கள். கொங்கண், மால்வண் பக்கத்து மராத்தியர்களுக்குக் கோகுலாஷ்டமியன்று விரதம் முடிக்க ஆம்போளி என்னும் அரிசித் தோசையும் முருங்கைக் கீரைப் பாஜியும் இருந்தாக வேண்டும். அந்த வாரம் மார்க்கெட்டில் கீரைக்கு அடிதடியாக இருக்கும். 18-ஆம் குறிப்பின்படி மே மாதத்தில் கழித்த மரம் ஆகஸ்டில் இளந்தளிராக நிற்கும், கணக்குச் சரியாக வரும். பூச்சி பார்த்து, உப்புத் தண்ணீரில் அலசிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மரம் கழிக்கும்போது கைகொடுக்கவும் கிளையை அப்புறப்படுத்தவும் ஆள் தேட வேண்டியிராது.